மனையும் மிராசும்: காலனிய நகர மேம்பாட்டு வரலாற்றில் செங்கற்பட்டின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

காலனிய இந்தியாவின் பொதுக் குடியிருப்பு வரலாறு பெரும்பாலும் பம்பாய், கல்கத்தா ஆகிய மாநகரங்களின் மேம்பாட்டு அறக்கட்டளைகளை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. ஏழையின் வீட்டிற்கு அரசு எந்த அளவு பொறுப்பேற்க வேண்டும் என்ற வினா சென்னை மாகாணத்தில் கூர்மையாக எழுந்த இடங்களுள் முதன்மையானது, நகரத்தைச் சூழ்ந்திருந்த செங்கற்பட்டு மாவட்டமாகும். 1891ஆம் ஆண்டு அம்மாவட்ட ஆட்சியர் அளித்த அறிக்கையையும் அதனைத் தொடர்ந்த அரசாணைகளையும் முன்வைத்து, வீட்டுச் சிக்கல் என்பது அடிப்படையில் மனைச் சிக்கலே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செங்கற்பட்டு, மிராசு, நத்தம், சேரி, பஞ்சமி நிலம், குடியிருப்பு, நகர மேம்பாடு

முன்னுரை

1896இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்குக் காரணம் என்று கருதிய அரசு, 1898இல் அந்நகருக்கென ஒரு மேம்பாட்டு அறக்கட்டளையைச் சட்டத்தின்வழி உருவாக்கியது. கல்கத்தாவிற்கான சட்டம் 1911இல் நிறைவேறியது. அகன்ற தெருக்கள், காற்றோட்டம், வடிகால் ஆகியனவே இவ்வமைப்புகளின் நோக்கங்களாகக் கூறப்பட்டன. ஆயினும் பம்பாய் அறக்கட்டளை தன் தொடக்க ஆண்டுகளில் கட்டியதைவிட இடித்ததே மிகுதி என்பது ஆய்வாளர் பலரும் ஒப்பும் செய்தி. இடிக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்தோர் அடுத்த தெருவின் நெரிசலைப் பெருக்கினர்.

சென்னையின் கதை வேறு. இந்நகருக்கான மேம்பாட்டு அறக்கட்டளைச் சட்டம் 1945இல்தான் வந்தது. இக்காலத் தாழ்வைக் கொண்டு, சென்னை மாகாணத்தில் வீட்டுச் சிக்கல் பற்றிய சிந்தனையே பின்தங்கியிருந்தது என்று முடிவு செய்வது பொருந்தாது. அச்சிந்தனை நகராட்சி ஆவணங்களைக் காட்டிலும் வருவாய்த்துறை ஆவணங்களில் மிகுதியாகப் பதிவாகியுள்ளது; நகரத் தெருக்களைப் பற்றியதாக அன்றி, ஏரிப்பாசன ஊர்களின் சேரிகளைப் பற்றியதாக அமைந்துள்ளது.

சேரி என்னும் சொல்

பழந்தமிழ் வழக்கில் சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம், ஊரின் ஒரு பகுதி என்னும் பொருளையே தந்தது. இழிவு எதனையும் சுட்டவில்லை. பிற்காலத்தில் அது ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட மக்களின் வாழிடத்தைக் குறிக்கலாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் நகரத்தின் குடிசைப் பகுதிகளுக்கும் அதே சொல் சென்று ஒட்டிக்கொண்டது. ஒரே சொல் இவ்வாறு ஊரிலிருந்து நகரத்திற்கு இடம்பெயர்ந்தமை தற்செயலன்று. அச்சொல்லுக்கு உரியவராக்கப்பட்ட மக்களும் அவ்வழியே இடம்பெயர்ந்தவர்களே.

மிராசு முறையும் நத்தமும்

1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற ஜாகீர்ப் பகுதியே பின்னர் செங்கற்பட்டு மாவட்டமாயிற்று. 1794 முதல் 1798 வரை அதனை ஆண்ட லயனல் பிளேஸ், மிராசுதாரர் உரிமைகளை விரிவாகப் பதிவு செய்தார். 1818இல் எல்லிஸ் எழுதிய மிராசு உரிமை பற்றிய நூல் அவ்வுரிமைக்கு ஆவண வலிமை சேர்த்தது. ஊரின் நிலம் முழுவதிலும் பங்கு கொண்ட சில குடும்பங்களே மிராசுதாரர். தரிசு நிலத்தை வேறொருவர் தர்காஸ்து மனு அளித்துக் கேட்பினும், அதனைப் பெறும் முன்னுரிமை மிராசுதாரருக்கே இருந்தது. பயிரிடாத நிலத்தின்மீதும் அவர்களது பிடி இவ்வாறு தளராதிருந்தது.

இங்கு நம் கவனத்திற்குரியது நத்தம். வீடுகள் அமைந்த மனைப்பகுதியே நத்தம். அதற்குத் தீர்வை இல்லை. ஆகவே பட்டாவும் இல்லை. ஊர் நத்தத்தில் குடியிருந்தோருக்கு இது பெரிய இடராக அமையவில்லை. அவர்களுக்கு வயல் இருந்தது, வயலுக்குப் பட்டா இருந்தது. சேரி நத்தத்தில் வாழ்ந்தோருக்கோ அம்மனையைத் தவிர வேறொன்றும் இல்லை. அம்மனையும் தமக்குரியது என்று மிராசுதாரர் உரிமை கொண்டாடினர். மண்சுவரும் மூங்கிலும் பனையோலையும் கூலியாளின் உழைப்பில் உருவானவை. அவை நின்ற மண் பிறருடையது. கூலி போதவில்லை என்று சொல்பவனையும் வேறொருவர் வயலுக்குச் செல்பவனையும் பணிய வைக்க அடிக்கவோ வழக்குத் தொடுக்கவோ வேண்டியதில்லை. குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்ற ஒரு சொல் போதுமானது.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்குச் சட்டம் அளித்துவந்த ஏற்பை நீக்கியது. அதன்பின் அரை நூற்றாண்டு கடந்தும் படியாள் முறை செங்கற்பட்டில் நிலைத்திருந்தது. திருமணச் செலவிற்கெனப் பெற்ற சிறுகடன் ஒரு தலைமுறையைக் கட்டியது என்பது பலரும் சுட்டும் காரணம். கடன் மட்டுமே காரணமாயின் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடியவர் விடுபட்டிருப்பர். கடனோடு மனையும் சேர்ந்தே கட்டியது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

1891: ஒரு குறிப்பு

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர், 1891இல் 'செங்கற்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு' என்னும் அறிக்கையைச் சென்னை அரசுக்கு அளித்தார். சேரி மக்களின் வறுமை, கடன், கல்வியின்மை, நிலமின்மை ஆகியவற்றோடு மனையுரிமையின்மையையும் அவர் தனிச் சிக்கலாக எடுத்துரைத்தார். மக்கள் தாம் குடியிருக்கும் மனையில் அச்சமின்றி வாழ வழிசெய்ய வேண்டும் என்பதும், தரிசு நிலம் அவர்களுக்குக் கிட்ட வேண்டும் என்பதும் அவர் பரிந்துரைகளுள் அடங்கும். இம்மாவட்டத்தில் பணியாற்றிய கிறித்தவ மறைப்பணியாளர்கள் அதற்கு முன்பே இவ்வினாவை எழுப்பியிருந்தனர். அவர்களுள் ஒருவரான ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ, செங்கற்பட்டை அடுத்த மெல்ரோசாபுரம் போன்ற குடியேற்றங்களை உருவாக்கினார். மறைப்பணி அமைப்பு நிலத்தைப் பெற்று, அதில் உழவும் வீடும் ஒருங்கே அமையச் செய்த அம்முயற்சியைப் பொதுக் குடியிருப்பின் முன்னோடி வடிவங்களுள் ஒன்றாகக் கருதலாம். ஆனால் அங்கும் நிலத்தின் உரிமையாளர் மாறினாரேயன்றி, குடியிருப்பவர் உடனே உரிமையாளராகிவிடவில்லை.

அரசின் மறுமொழி 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010, 1010-அ எண் கொண்ட வருவாய்த்துறை ஆணைகளாக வந்தது. தரிசு நிலத்தை ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கென ஒதுக்கும் வழி பிறந்தது. அவ்வாறு அளிக்கப்படும் நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பிறகும் அவ்வகுப்பினருக்கே கைமாற்றலாம் என்னும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. இன்று பஞ்சமி நிலம் என வழங்குவது இதுவே. மனை பற்றிய வினாவில் அரசு இத்தகைய துணிவைக் காட்டவில்லை. மிராசுதாரர் உரிமை கோரும் நத்தத்தில் தலையிடுவது தனியார் சொத்தில் தலையிடுவதாகும் என்ற தயக்கமே மேலோங்கியது.

இத்தயக்கத்தைக் காலப் பின்னணியில் வைத்து நோக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளில், 1894இல், நிலக் கையகப்படுத்தல் சட்டம் வந்தது. இருப்புப்பாதைக்கும் நகரத் தெருக்களுக்கும் தனியார் நிலம் அச்சட்டத்தின்வழி எடுக்கப்பட்டது. இழப்பீடு கொடுத்துத் தனியார் நிலத்தை எடுப்பது அரசுக்குப் புதிதன்று. கூலியாளின் மனை 'பொது நோக்கம்' ஆகுமா என்பதே ஐயமாக நின்றது. இருப்புப்பாதைக்கு எழாத ஐயம் குடிசைக்கு எழுந்தது.

தொழிலாளர் துறையும் காலனி என்னும் சொல்லும்

இரட்டைமலை சீனிவாசன் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். 1893இல் அவர் தொடங்கிய 'பறையன்' இதழ், அதிகாரிகளும் மறைப்பணியாளர்களும் மட்டுமே பேசிவந்த ஒரு பொருளில் உரியவர்களின் குரலை ஒலிக்கச் செய்தது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொணர்ந்த தீர்மானம், பொதுத் தெருக்களிலும் பொதுவிடங்களிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் புழங்கும் உரிமையைப் பற்றியது. மனையும் தெருவும் தனித்தனிச் சிக்கல்கள் அல்ல. தெருவில் நடக்க இயலாதவனுக்கு மனை கிடைப்பினும் அது ஒரு தீவாகவே இருக்கும்.

1919–20 காலப்பகுதியில் உருவான தொழிலாளர் ஆணையர் துறை, முன்பு அரசு தயங்கிய பணியை மேற்கொண்டது. நிலம் வாங்கப்பட்டு அல்லது கையகப்படுத்தப்பட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக மனையின் விலை தவணைகளில் திரும்பப் பெறப்பட்டது. கூலியாள் தன் மனைக்குத் தானே விலை கொடுத்தான் என்பதை இங்குக் குறிப்பிட்டாக வேண்டும். அதனை முழு இலவசமாகக் கருதுவது பிழை. இவ்வாறு ஊருக்குப் புறத்தே எழுந்த நேர்வரிசைக் குடியிருப்புகள் நாளடைவில் 'காலனி' எனப் பெயர் பெற்றன. மனை கிடைத்தது, ஊருக்கும் சேரிக்கும் இடையிலிருந்த தொலைவு மாறவில்லை. பழைய சொல்லின் இழிவு புதிய சொல்லிலும் ஏறிக்கொண்டது. அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல்லை நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்தது.

நகரம் விரிந்த திசை

இதே காலத்தில் சென்னையில் நகரத் திட்டமிடல் பற்றிய ஆர்வம் பெருகியது. பேட்ரிக் கெடிஸ் கொண்டுவரவிருந்த நகரத் திட்டக் கண்காட்சிப் பொருள்கள், 1914இல் எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்த கப்பலோடு கடலுள் போயின. சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியதும் அதே எம்டன்தான். மீண்டும் திரட்டப்பட்ட பொருள்களைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது. பழைய நகரை இடித்துத் தள்ளாமல், தேவையான இடத்தில் மட்டும் சிறிதளவு நீக்கிச் சீர்செய்ய வேண்டும் என்பது கெடிஸின் கொள்கை. 1920இல் சென்னை நகரத் திட்டமிடல் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்திற்குப் பின் எழுந்த பெரிய குடியிருப்பு மாம்பலம் திட்டம், அதாவது இன்றைய தியாகராய நகர். நகர எல்லைக்குள் கொண்டுவரப்படும் வரை மாம்பலம் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊராகவே இருந்தது. நீண்ட ஏரி தூர்க்கப்பட்டு, அகன்ற தெருக்களும் பூங்காவும் மனைகளும் உருவாயின. நடுத்தர வகுப்பினர் அங்கு வீடு கட்டிக் குடியேறினர். ஏரிநிலம் மனையாக மாறுவதற்குச் சட்டமும் பொறியியலும் நிதியும் ஒருங்கிணைந்து நின்றதைக் காண்கையில், சேரி நத்தம் அதில் வாழ்வோரின் மனையாக மாறுவதற்கு இவை ஏன் கூடிவரவில்லை என்ற வினா எழாமல் இராது.

கடற்கரை ஊர்கள்

கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரையில் மனைச் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. மீனவர் குப்பங்கள் கடற்புறம்போக்கில் அமைந்தவை. இங்கு மிராசுதாரரின் இடத்தில் அரசே நிற்கிறது. வலை உலர்த்தும் மணலும் படகு ஏற்றும் கரையும் வீட்டின் பகுதியே என்னும் மீனவரின் புரிதலுக்கு நில ஆவணங்களில் நேர்ச்சொல் இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த மறுவாழ்வுத் திட்டத்தில், கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் புதிய வீடு பெறுவோர் பழைய இடத்தை அரசிடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பாதுகாப்பான வீடு வேண்டுமா, தொழிலுக்கு ஏற்ற மனை வேண்டுமா என்ற தேர்வு மீனவர்முன் வைக்கப்பட்டது.

1961இலும் 1971இலும்

ட்ரெமன்ஹீர் எழுப்பிய வினாவிற்குச் சட்டம் விடையளிக்க எண்பது ஆண்டுகள் ஆயின. 1961ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பு மனைகளிலிருந்து உழவுத் தொழிலாளரை வெளியேற்றுவதைத் தடுத்தது. 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு அனுபவதாரர் உரிமைச் சட்டம் அம்மனையை அவர்களுக்கே உடைமையாக்கியது. அதே 1971இல்தான் நகரக் குடிசைப் பகுதிகளுக்கான மேம்பாடு மற்றும் அகற்றல் சட்டமும் வந்தது. ஊரில் குடியிருப்பவருக்கு அவர் நின்ற மண்ணையே கொடுத்தது ஒரு சட்டம். நகரில் குடியிருப்பவரை மேம்படுத்தவும் அகற்றவும் வழிவகுத்தது மற்றொன்று. பிந்தைய வழியில் சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் குடியமர்த்தப்பட்டனர். இவையனைத்தும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஊர் எல்லைகளுக்குள் அடங்கியவை. ஒரு காலத்தில் மனையின்றி நகரம் சென்றோரின் வழித்தோன்றல்கள் சிலரேனும் அடுக்குமாடி வீட்டின் ஒதுக்கீட்டு ஆணையோடு அம்மண்ணுக்கே திரும்பியிருத்தல் கூடும்.

1892 ஆணையின்வழி வந்த நிலங்களோ பல ஊர்களில் கைமாறிப் போயின. மாமல்லபுரத்திற்கு அண்மையிலுள்ள கரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் போராடினர். 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் அப்போராட்டத்தின்போது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அவர்கள் மீட்கக் கோரியது, இதே மாவட்டத்து ஆட்சியர் ஒருவரின் அறிக்கையால் பிறந்த ஆணையின்கீழ் வந்த நிலத்தையே.