மத்தி இடம் மாறிய கடல்

சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள்ளேயே ஒரு பகுதி. அதே நூலில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுவார்கள். அந்தப் பட்டினத்தின் வழியே போகும் பாணர்களுக்குப் பரதவர் வீடுகளில் காய்ந்த குழல்மீனைச் சுட்டுக் கொடுப்பார்கள் என்கிறது நூல். இலக்கியம் படிப்பவர்களுக்கு அது விருந்தோம்பல். மீன்வளம் படித்த ஒருவர் அதில் வேறொன்றைப் பார்ப்பார். வீட்டில் காய்ந்த மீன் இருக்கிறதென்றால், ஏதோ ஒரு பருவத்தில் தின்று தீராத அளவுக்கு மீன் பட்டிருக்கிறது. வேறு பருவத்தில் படவில்லை. விழுப்புரம் மாவட்டக் கரையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் மீன்வரத்துக் குறிப்பு இதுதான் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

அந்தக் கரை நீளமானதல்ல. வடக்கே செங்கல்பட்டு மாவட்டம், தெற்கே புதுச்சேரி, நடுவில் நாற்பது கிலோமீட்டரை ஒட்டிய மணல். எக்கியார்குப்பம், கைப்பாணிக்குப்பம், அழகன்குப்பம், அனுமந்தைக்குப்பம், கூனிமேடு, பொம்மையார்பாளையம் என்று குப்பங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. 1993 வரை இது தென்னாற்காடு மாவட்டம். மரக்காணம், தனி வட்டம் ஆகும்வரை திண்டிவனம் வட்டத்தில் இருந்தது. கடலைப் பார்க்காத திண்டிவனத்துக்காரர்களுக்கும் விழுப்புரத்துக்காரர்களுக்கும் இன்று கடலில் என்ன பட்டது என்பது சந்தையில் தெரிந்துவிடும். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் சுமார் 35 கிலோமீட்டர். தலைச்சுமை, சைக்கிள், டிவிஎஸ் 50, இப்போது குட்டியானை என்று மீன் வரும் வண்டி மாறியிருக்கிறது. வழி அதேதான்.

கட்டுமரக் காலத்தில் மீனின் வரவைக் கணிப்பது குப்பத்துப் பெரியவர்களின் வேலை. தண்ணீரின் நிறம், பறவை விழும் இடம், காற்று எந்தத் திசையிலிருந்து, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று நாலையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இதில் நீரோட்டம்தான் பெரிய விஷயம். சோழமண்டலக் கரையோரம் மாசி, பங்குனி, சித்திரையில் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து தெற்கே திரும்பிவிடும். ஒரே கடல் ஆண்டுக்கு இரண்டு முறை திசை மாறுகிறது. வலசை வரும் மீனுக்கு இதைவிடப் பெரிய அறிவிப்பு வேண்டியதில்லை. எந்தக் காற்றுக்கு எந்த வலையை எடுப்பது என்பது அந்தப் பெரியவர்களிடம் மாதக் கணக்காகவே இருந்தது. எடை மட்டும் இல்லை. எத்தனை கூடை, எத்தனை மரம் நிறைந்து வந்தது என்பதற்கு மேல் அவர்களுக்கு எண் தேவைப்படவில்லை.

அந்தக் கணக்கில் என்னை மிகவும் இழுப்பது கோலா. பறவைக் கோலா என்றும் சொல்வார்கள். வைகாசி தொடங்கி ஆடி வரை கரை கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் முட்டையிட வரும் மீன். அதன் முட்டையில் நூல் போன்ற இழைகள் உண்டு. மிதக்கும் எதிலாவது அவை ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு குணத்தை வைத்து முழு மீன்பிடியையே நம் ஆட்கள் கட்டியிருந்தார்கள். இலைதழைக் கொத்துகளைக் கட்டி மிதக்கவிட்டால் கோலா கூட்டமாக வந்து அதைச் சூழும், அள்ளவேண்டியதுதான். தஞ்சைக் கரையில் இதற்கென்றே கோலாமரம் என்று ஏழு மரம் சேர்த்த பெரிய கட்டுமரம் இருந்தது. சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இதைப் பார்த்து வியந்து 1923இல் துறையின் இதழில் விரிவாக எழுதினார். அந்த ஆண்டிலேயே இந்தக் கரையின் பெயரைச் சேர்த்து ஒரு கோலா இனத்துக்கு அறிவியல் பெயரும் வைத்தார்; இன்று அது ஹிருண்டிக்திஸ் கோரமாண்டலென்சிஸ் என்று அழைக்கப்படுகிறது. முட்டையிட வரும் மீனை, முட்டையிட இடம் காட்டியே பிடிப்பது கொஞ்சம் இரக்கமற்ற தொழில்தான். கட்டுமரம் எத்தனை, பருவம் எத்தனை வாரம் என்ற அளவே அன்று கோலாவுக்குக் காவல்.

ஹார்னெல் காலத்து மீன்துறைக்கு மத்தி என்றால் மலபார். 1907இல் பிரெடெரிக் நிக்கல்சன் தொடங்கிவைத்த துறை அது. மத்தி எண்ணெய், மத்தி உரம், மத்தியின் வாழ்க்கை வரலாறு என்று அது செய்த வேலையெல்லாம் மேற்குக் கரையில். மத்தி அங்கே ஒரு வருடம் கரையை நிறைக்கும், அடுத்த வருடம் காணாமல் போகும். முதல் வருடத்திலேயே சுமார் 15 சென்டிமீட்டர் வளர்ந்து, இரண்டரை வருடத்தில் ஆயுள் முடியும் மீன் அப்படித்தான் ஏறி இறங்கும். சோழமண்டலக் கரையில் கவலையும் நெத்திலியும் உண்டு. மேற்குக் கரையின் எண்ணெய் மத்தி கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை. 1980களின் நடுப்பகுதி வரை இதுதான் நிலை.

பிறகு வந்தது. எண்பதுகளின் பின்பாதியிலிருந்து தமிழகக் கரையில் மத்தி டன் கணக்கில் இறங்கத் தொடங்கி, ஆந்திரா வரை பரவியது. கடல்மேற்பரப்பு மெல்லச் சூடேறியதால் மத்திக்கு ஏற்ற வெப்பம் வடக்கிலும் கிழக்கிலும் விரிந்தது என்பது மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விளக்கம். காணாங்கத்தைக்கு வேறு கதை: அது வடக்கே போனதோடு கீழேயும் இறங்கியது. எண்பதுகளின் இறுதியில் மொத்தக் காணாங்கத்தையில் 2 சதவீதம்தான் தரையை வாரும் இழுவலையில் பட்டது. 2003–07இல் அது 15 சதவீதம் என்று அதே நிலையம் மதிப்பிட்டது. மேலே மிதந்து வரும் மீனுக்கு வலை கட்டிக் காத்திருப்பவருக்கு, மீன் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் கடலில் மீனே இல்லை என்றுதான் தெரியும்.

இந்த மாற்றம் நமக்குத் தெரியவந்தது எப்படி என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1947 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கி, மண்டபம் போய், 1971இல் கொச்சியில் நிலைத்த அந்த நிலையம் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பு முறையை வகுத்திருக்கிறது. கடற்கரை முழுவதும் எல்லாப் படகையும் எண்ண ஆள் இல்லை. அதனால் மாதத்தை மூன்று பத்து நாள்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அடுத்தடுத்த இரண்டு நாள்களை எடுப்பார்கள். கணக்காளர் முதல் நாள் பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை இறங்குதளத்தில் இருப்பார். மறுநாள் காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. நடுவில் உள்ள இரவில் இறங்கியதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். பதினைந்து படகுக்குள் என்றால் எல்லாவற்றையும் பார்த்து எழுதுவார். அதற்கு மேல் என்றால் சிலவற்றை மட்டும் பார்த்துப் பெருக்கிக்கொள்வார். தராசு இல்லை, கூடை எத்தனை, ஒரு கூடை எத்தனை கிலோ என்ற கண்ணளவு. அதோடு சில மீன்களை வாங்கிப்போய் நீளம் அளந்து, வயிற்றைக் கிழித்துச் சினை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். எந்த மாதம் எந்த அளவு மீன் எங்கே பட்டது, அப்போது சினை பிடித்திருந்ததா இல்லையா என்று வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மீன் எங்கே பிறந்து எப்போது எங்கே நகர்கிறது என்ற படம் கிடைக்கும்.

கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒரு படகு ஏலத்தில் நிற்கும்போது நடுவே புகுந்து எண்ணுகிறவரை யாரும் வரவேற்பதில்லை. பாடு அதிகம் என்று எழுதினால் விலை விழுமோ, குறைவு என்று எழுதினால் தடை வருமோ என்று இரண்டு பக்கமும் பயம். மீனை அன்னக்கூடையில் வாங்கித் திண்டிவனத்துக்குப் போகும் பெண்களிடம் உட்கார்ந்து பேசினால் பருவம் பற்றிய செய்தி அதிகம் கிடைக்கும் என்பது என் எண்ணம். எந்த வாரம் மீன் சின்னதாக வந்தது, எந்த வாரம் சினை இருந்தது என்பதை மீனை வெட்டுகிற கைதான் முதலில் அறியும்.

படகும் மாறிவிட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தைக் கிட்டத்தட்ட ஓரங்கட்டின. தெற்கே புதுச்சேரியிலும் கடலூரிலும் சுருக்குவலை மத்திக் கூட்டத்தையே வளைத்தது. தமிழ்நாடு அந்த வலையை 2000இலேயே தடைசெய்திருந்தாலும் வலை நிற்கவில்லை, சண்டையும் நிற்கவில்லை. 2021 ஆகஸ்டில் வீராம்பட்டினத்துக்கும் நல்லவாட்டுக்கும் நடந்த மோதலில் போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டியதாயிற்று. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், திங்கள் வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை என்று நிபந்தனையோடு இடைக்கால அனுமதி தந்தது. மத்தி அந்த நாள்களில் மட்டும் வரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

மேற்கே இதே ஆண்டுகளில் நடந்ததை வைத்துப் பார்த்தால்தான் நம் கரைக்கான கேள்வி கூர்மையாகிறது. கேரளத்தில் மத்தி 2012இல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் இறங்கியது. 2021இல் சுமார் 3,300 டன். பிறகு மீண்டும் ஏறி லட்சத்தைத் தாண்டியது. நடுவில் கேரளச் சந்தையை நிரப்பியதில் ஐஸ் போட்டுப் போன தமிழக மத்திக்கும் பங்குண்டு. கொச்சிக்காரர் மத்தி அழிந்தது என்று புலம்பிய வருடத்தில் கிழக்குக் கரைக்காரர் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார். குறைந்ததா, நகர்ந்ததா? ஒரு கரையின் கணக்கை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இந்தக் கணக்குச் சிக்கல்தான் நம் மாவட்டத்தில் சின்ன அளவில் தினமும் நடக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திலிருந்து தெற்கே வாருங்கள். அனுமந்தை, கூனிமேடு தமிழ்நாடு. கனகசெட்டிகுளம், காலாப்பட்டு புதுச்சேரி. பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் மறுபடி தமிழ்நாடு. அரை மணி நேரப் பயணத்தில் இரண்டு அரசுகள், இரண்டு மீன்துறைகள், இரண்டு பேரேடுகள். கூனிமேட்டுப் படகும் காலாப்பட்டுப் படகும் பக்கத்துப் பக்கத்தில் வலைவிட்டு, ஒரே கூட்டத்தில் மீன் எடுத்து, வேறு வேறு மாநிலத்தின் உற்பத்தியாக எழுதுகின்றன. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் இறங்குவது புதுச்சேரிக்குப் போய்விடும், கடலில் எங்கே பட்டாலும்.

ஆண்டுக்கொருமுறை வரும் மீன்பிடித் தடைக்காலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 2001இல் 45 நாளாக வந்தது 2017இலிருந்து 61 நாள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகளுக்கும் இழுவலைகளுக்குமானது, கட்டுமரத்துக்கும் நாட்டுப்படகுக்கும் பெரும்பாலும் விலக்கு. மேற்குக் கரையில் அது ஜூன், ஜூலை. இரு கரைக்கும் வேறு வேறு மாதம் வைத்தது அந்தந்தக் கடலின் காற்றையும் மீன் சினை பிடிக்கும் காலத்தையும் பார்த்து. எல்லா மீனுக்கும் ஒரே மாதம் பொருந்தாது. கோலாவின் முட்டையிடும் பருவம் ஜூலை வரை நீள்கிறது. தடை முடிந்து இழுவலைகள் இறங்கும்போதும் கோலா முட்டையிட்டுக்கொண்டிருக்கும். மத்தி முட்டையிடும் காலம் மேற்குக் கரையைப் பார்த்து எழுதப்பட்டது. இங்கு பிடிபடும் மத்தியின் சினையை மாதாமாதம் இங்கேயே பார்த்தால்தான் நம் தடை நாள்கள் அதற்குப் பொருந்துமா என்று தெரியும்.

கைப்பேசியில் இப்போது ஹைதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் மீன்வளப் பகுதி அறிவிப்பு வருகிறது. செயற்கைக்கோள் பார்த்த கடல் வெப்பமும் பாசிப் பச்சையும் வைத்து, இத்தனை கிலோமீட்டரில், இந்தத் திசையில் மீன் கூடும் என்று சொல்லும். டீசலை மிச்சப்படுத்தும் நல்ல காரியம். ஆனால் மீன் எங்கே என்பதை அது சொல்கிறதே தவிர, பிடித்த பின் எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்வது அதன் வேலையல்ல. தேடும் கருவி நமக்கு வேகமாக வந்துசேர்ந்தது. எண்ணும் முறை இன்னும் கூடைக் கணக்கில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே வார அட்டவணை வைத்து, கூனிமேட்டிலும் காலாப்பட்டிலும் ஒரே நாளில் மத்தியின் நீளத்தையும் சினையையும் எடுத்து ஒரே தாளில் எழுதலாம். இதற்குச் செலவு அதிகம் ஆகாது. இரண்டு அலுவலகங்கள் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தாளைக் கேரளத்தின் தாளோடு ஒப்பிட்டால், மத்தி கரையைச் சுற்றி வருகிறதா, இங்கேயே பிறந்து வளர்கிறதா என்பதற்கு நாலைந்து பருவத்தில் ஒரு தொடக்கமாவது கிடைக்கும். அதுவரை கேரளத்தில் பாடு ஏறும்போது இங்கே குறைகிறதா என்று திண்டிவனம் சந்தையில் விலையைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.