பழைய கொப்பிகள் – 9: ஒன்பது சதத்துக் கொழுந்து

அண்ணன் வீடு மாறியபோது என் முத்திரை அல்பம் அகப்பட்டது. அல்பம் என்றால் பெரிய சங்கதி இல்லை. கணக்குக் கொப்பி, சோற்றுப் பசை, அவ்வளவுதான். கண்டியில் படித்த எங்கள் வயதுப் பையன்கள் பலரிடமும் அப்படி ஒன்று இருந்தது. கவிதைக்கு ஏதாவது தேறுமா என்று புரட்டினேன். கறையான் விட்டுவைத்ததில் இரண்டு முத்திரைகள் என்னை விடவில்லை.

முதலாவது ஒன்பது சதம். 1935–36 படவரிசையில் வந்தது, பச்சையும் செம்மஞ்சளும். கொழுந்து பறிக்கும் காட்சி, கூடவே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. அதே வரிசையில் சிவனொளிபாத மலை உண்டு, காட்டு யானை உண்டு, 25 சதத்தில் நம் தலதா மாளிகையும் உண்டு. மலை, யானை, மாளிகை, கொழுந்துக்காரி எல்லாம் ஒரே கணக்கு: நாட்டின் அழகுகள்! கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அவள் கையால்தான் வளர்ந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. முத்திரையில் இடம் கிடைத்தவளுக்கு வாக்காளர் இடாப்பில் இடமில்லாமல் போயிற்று. முத்திரை சொல்லாததைச் சொல்ல சி.வி. வேலுப்பிள்ளை வரவேண்டியிருந்தது. 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர், தேயிலைத் தோட்டத்தை ஆங்கிலத்தில் பாடினார். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சக்தீ பாலையா.

இரண்டாவது 75 சதம், 1950. வாவிக்கரையில் தினமும் நாம் பார்த்துக்கொண்டே கடந்துபோகும் எண்கோண மண்டபம், பத்திரிப்புவ. கட்டுவித்தவன் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சத்தவன். 1815இல் பிடிபட்டு, வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். கொழும்பிலிருந்து கண்டிக்குக் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியதும் அதே 1832இல்தான். கண்டியைப் பிடியில் வைத்திருக்க வெள்ளைக்காரன் வெட்டிய பாதை அது. வேலூரிலிருந்து அரசன் தன் ஊருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால், அது கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கி வந்திருக்குமே என்று எழுத ஆரம்பித்தேன். ஒரு பக்கம் ஓடியது. பிறகு வரலாற்றுப் பாடமாகிவிட்டது. கிழித்தேன்.

சிக்கல் எங்கே என்று பிறகுதான் பிடிபட்டது. உறையின் மூலையை வெட்டிச் சுடுதண்ணீரில் போடுவோம். சற்று நேரத்தில் முத்திரை கழன்று மிதக்கும். பின்பக்கத்து வழுவழுப்பை விரலால் வழித்து, பழைய வீரகேசரித் தாளில் குப்புறக் காயப்போடுவோம். உறை குப்பைக்குப் போய்விடும். யார் யாருக்கு எழுதினார், எந்தத் தபாற் கந்தோர் என்பதெல்லாம் அதோடு போயிற்று. சேகரிப்பவனுக்கு அதுதான் சுத்தம். கவிதைக்கு அந்தக் குப்பைதான் வேண்டும்.

நல்லவேளை, ஒன்று கழற்றப்படாமல் கிடந்தது. இந்திய முத்திரை, உறைத் துண்டோடு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகத்தார் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. போனவர்களின் கடிதம் லயத்து வாசலுக்கு வராது. தோட்டக் கந்தோருக்கு வரும். அங்கே யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அந்தத் துண்டில் அனுப்பியவர் முகவரியின் கடைசி வரிகள் தப்பியிருக்கின்றன: டிவிஷன் எண் ஒன்று, கீழே ‘நீலகிரி’. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு அங்கே திறந்ததும் தேயிலைத் தோட்டம்தான். இங்கே கொழுந்து, அங்கேயும் கொழுந்து. எழுதிக்கொண்டிருக்கும் கவிதையில் அரசனை எடுத்துவிட்டேன். அந்த டிவிஷன் எண் இருக்கிறது.

அடுத்த வாரம், 1977இல் முத்திரையில் ஏறிய கண்டிக்காரர் சித்திலெப்பை: ‘முஸ்லிம் நேசன்’ நடத்தியவர், 1885இல் நமக்கு ‘அசன்பே’யைத் தந்தவர்.

(தொடரும்)