முதிர்ந்து மடிந்த காவல் நாயும் குடியானவர் வீட்டுத் துக்கமும்

இராமநாதபுரம் ஜில்லாவின் கரையோரக் கிராமங்களில் குடியானவர் வீட்டு நாய்க்குச் சம்பளமில்லாத வேலைகள் பல உண்டு. மாசி, பங்குனி மாதங்களில் குண்டு மிளகாய் களத்தில் காயும் இரவுகளில் களத்தைச் சுற்றி வருவது அது. நிலக்கடலைக் கொல்லையில் பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பது அது. ஆட்டுக்கிடையில் கீதாரி கண்ணயர்ந்தாலும் நரியின் வாடையறிந்து எழுந்து நிற்பது அது. பனங்காட்டு நடுவே தனிக் குடிசையில் காவல் படுக்கும் முதியவருக்கு, இராப்பொழுதில் பேச்சுத்துணையும் பெரும்பாலும் அதுவேயாம். இவ்விதம் பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்த பிராணி ஒரு நாள் காலையில் தொழுவத்து மூலையை விட்டு எழாமற் கிடக்கிறது. அவ்வீட்டில் அன்று என்ன நிகழ்கிறதென்பதும், என்ன நிகழ வேண்டுமென்பதும் நிலமுடையோரும் கிராம அலுவலரும் கவனிக்கத்தக்க விஷயங்களாகும்.

பெரும்பாலும் நிகழ்வது இது. அண்டை வீட்டார் "நாய்தானே" என்று ஒரு சொல் சொல்லிப் போகின்றனர். காலில் கயிறு கட்டி இழுத்துக் கண்மாய்க் கரைக்கு அப்பாலோ, ஓடையிலோ, கடற்கரை மணலிலோ போட்டுவிட்டு வரும்படி ஓர் ஆளை அனுப்புகிறார்கள். வீட்டு எஜமானர் வழக்கம்போல் வயலுக்குப் போகிறார். ஆனால் அன்றிரவு உண்ணும்போது அவர் கை தானாகவே ஒரு கவளத்தை இலையோரத்தில் ஒதுக்குகிறது. வாசலில் ஆள் அரவம் கேட்டும் குரைப்பொலி எழாதது கண்டு வீட்டம்மாள் திரும்பிப் பார்க்கிறாள். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லுவதில்லை.

மனிதர் இறந்தால் கேதம் கேட்க உறவினர் வருவர். எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று முறைகள் உண்டு. சல்லிக்கட்டுக் காளை இறந்தாலும் ஊர் கூடி மாலையிட்டு அடக்கம் செய்வது மதுரை, சிவகங்கைப் பக்கங்களில் யாவரும் அறிந்ததே. நாய்க்கோ அவ்வித முறை யாதொன்றும் கிடையாது. ஊரார் ஒப்புக்கொள்ளாத காரணத்தால் வெளியிடப்படாமல் உள்ளேயே அடங்கும் இவ்வகைத் துக்கத்தைக் குறித்துக் கென்னத் டோக்கா என்னும் அமெரிக்க அறிஞர் 1989-ஆம் வருஷத்தில் ஒரு நூலைத் தொகுத்து வெளியிட்டார். வளர்ப்பு மிருகத்தின் மரணத்தால் உண்டாகும் துயரமும் இவ்வகையில் சேர்ந்ததென்று இத்துறையினர் கொள்கின்றனர். துயரம் சிறியதென்பதன்று காரணம். அதைச் சொல்ல இடமில்லை என்பதே காரணம். தனித்து வாழும் முதியோருக்கு இது மிகுதியாகத் தாக்கும். அன்னவர் இரண்டொரு வாரம் சரியாக உண்ணாமலும் உறங்காமலும் இருப்பாராயின், வீட்டார் அதைப் பரிகசியாமல், இறந்த நாயைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டிருப்பதே தக்க உபாயம். நாட்கள் சென்றும் தேறாவிட்டால் வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

1985 வரை இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த மானாமதுரை வட்டாரத்தில், ஓய்வு பெற்ற சர்க்கார் ஊழியரான ஒரு முதியவர் பதினொரு வருஷம் வளர்த்த லாப்ரடார் ஜாதி நாய் 2021-ஆம் வருஷம் ஜனவரியில் நோயுற்று இறந்தது. அவர் சுமார் 80,000 ரூபாய் செலவில் சலவைக்கல்லில் அதன் உருவத்தைச் செய்வித்துத் தமது நிலத்திலேயே நிறுத்தி, வெள்ளிக்கிழமைதோறும் மாலையிட்டு வரலானார். 2022-ல் பத்திரிகைகளில் இச்செய்தி வந்தபோது நகைத்தவரும் உண்டு. எல்லாக் குடும்பங்களும் இவ்வளவு செலவு செய்ய வேண்டுமென்பதில்லை. ஆயினும் தம் பணத்தில், தம் நிலத்தில், எவருக்கும் இடையூறின்றி ஒருவர் தம் துயரத்தைக் கல்லாக நிறுத்தியதில் நகைப்பதற்கு ஏதுமில்லை.

இது புதுமையுமன்று. திருவண்ணாமலை ஜில்லா எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவனது நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளரைக் கடித்து, வீழ்ந்த எஜமானனைக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு மறவாமற் குறித்திருக்கிறது. கர்நாடகத்தில் மண்டியா ஜில்லாவைச் சேர்ந்த ஆதகூர் கல்வெட்டு இன்னும் விரிவானது. 949-ஆம் வருஷம் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் மாண்ட செய்தியைக் கூறும் அதே கல், காளி என்ற வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு பொருது இரண்டும் மடிந்ததையும் கூறுகிறது. போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக வேறெதுவும் வேண்டாமல் அந்நாயைக் கேட்டு வாங்கிய மணலேரன் என்பவன், அதன் நினைவாகக் கல் நாட்டி நிலமும் மானியமாக விட்டான். அக்கல்லுக்குப் பூசை செய்யாமல் பூசகர் உண்ணலாகாதென்றும் விதிக்கப்பட்டது. ஒரு நாயின் பேரால் நிலம் ஒதுக்கிக் கல்லில் பதிந்த இக்கணக்கு, நிலப் பதிவேடுகளைக் கையாளும் அலுவலருக்குச் சுவையாயிருக்கும்.

இறந்த பின் கல் நாட்டுவதைவிட, இருக்கும் கடைசி வருஷத்தில் பார்த்துக்கொள்வது முக்கியம். கிரேக்கரின் ஒதிசி காவியத்தில், இருபது வருஷங்கழித்து வேஷம் மாறி வீடு திரும்பிய தலைவனை அடையாளங் கண்டு வாலசைத்து உயிர்விடும் கிழநாய் ஒன்று வருகிறது. அப்போது அது கிடந்த இடம், வயலுக்கு எருவாகக் கொண்டுபோகச் சேர்த்து வைத்திருந்த சாணக் குவியல். எருக்குழி ஓரத்தில் ஒதுக்கப்பட்ட கிழநாயை இன்றும் பல கிராமங்களில் காணலாம். காது மந்தப்படுதல், கண்ணில் வெண்மை படர்தல், பின்னங்கால் மடங்காமை, பல் தேய்தல் ஆகியன முதுமையின் குறிகள். இவற்றைச் சோம்பல் என்று கொண்டு அடிக்கலாகாது. சோற்றைக் குழைத்து, முள் நீக்கிய மீனோ வேகவைத்த முட்டையோ கலந்து சிறிது சிறிதாக இருவேளை கொடுக்கலாம். கரையோரத்தில் எளிதாகக் கிடைக்கிறதென்று கருவாட்டை இடுவது வழக்கம். முதிர்ந்த நாய்களுக்குச் சிறுநீரக நோய் மிகுதியாதலின் உப்பு மிகுந்த அவ்வுணவு கேடு செய்யும். நாய் வழக்கத்துக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்து இளைத்துப் போனால், கால்நடை மருந்தகத்தில் காட்ட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ஓலைப்பந்தலின் நிழலும், கவிழாத மண்சட்டியில் தண்ணீரும் அவசியம்.

குணமாகாத நோவினால் நாய் வதைபடும்போது, வேதனையின்றி அதன் உயிரை முடிக்கும் ஊசியைக் கால்நடை வைத்தியர் போடுவார். இவ்விடத்தில் சிலர் பயிர்மருந்தைச் சோற்றில் கலந்து வைக்கின்றனர். அது நெடுநேரம் வலிப்புத் தரும் கொடிய சாவு. மீந்த சோற்றை உண்டு மயிலும் காக்கையும் அயலார் ஆடும் மடிவதும் உண்டு. பஸ் நிலையத்திலோ, யாத்திரிகர் கூடும் இராமேசுவரம் கரையிலோ கிழநாயைக் கொண்டுபோய் விட்டு வருவது, பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி மிருகத்தைக் கைவிடும் செயலாகும்; 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி அது குற்றம்.

அன்பின் மிகுதியால் நேரும் ஆபத்து ஒன்றையும் இங்கே கூற வேண்டும். நாய் திடீரென்று விழுங்க முடியாமல், தாடை தொங்கி, எச்சில் ஒழுக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கினால், தொண்டையில் எலும்பு சிக்கியதென்றெண்ணி வீட்டார் வாய்க்குள் கைவிடுவதுண்டு. வெறிநோயில் சீறிக் கடிக்கும் வகையன்றி, இவ்விதம் சோர்ந்து ஒடுங்கும் வகையும் உண்டு. முதுமையின் தளர்ச்சி மாதக்கணக்கில் மெல்ல வரும். வெறிநோயோ சில நாட்களில் முற்றிக் கொன்றுவிடும். சந்தேகமிருப்பின் தொடாமல் கால்நடை வைத்தியருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்; நாய் இறந்துவிட்டாலும் அவரைக் கேளாமல் புதைக்கலாகாது. எச்சில் பட்ட கீறலையோ கடிவாயையோ ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோலில் போடும் தடுப்பூசி முதல் நாளும், பின் 3, 7, 28-ஆம் நாட்களிலும் இடப்படுகிறது. ஒரு நாளும் தவறலாகாது. நோய் வெளிப்பட்ட பின் மருந்தால் பிழைத்தவர் உலகிலேயே மிகச் சிலர்.

இயற்கையாக இறந்த நாயை அடக்கம் செய்வதில் இக்கரையோரத்துக்கென்று சில கவனிப்புகள் தேவை. மண்டபம் முதல் சாயல்குடி வரையுள்ள மணற்பாங்கில் நல்ல தண்ணீர் சில அடி ஆழத்திலேயே ஊறுகிறது. பல வீடுகள் அவ்வூற்றையே குடிக்கின்றன. ஆகையால் கிணறு, ஊருணி, கண்மாயின் உள்வாய், நீர்வரத்துக் கால் ஆகியவற்றுக்கு ஐம்பது கெஜத்துக்குக் குறையாத தூரத்தில், சொந்தப் பட்டா நிலத்தின் மேட்டுப் பகுதியில் குழி எடுக்க வேண்டும். நான்கடி ஆழம் அவசியம். தோண்டும்போது ஈரம் கசிந்தால் அக்குழியை மூடிவிட்டு வேறு மேட்டைத் தேட வேண்டும். பழைய வேஷ்டியிலோ சணல் சாக்கிலோ சுற்றலாம். பிளாஸ்டிக் உறை கூடாது. ஆடிக்காற்றில் மணல் நகர்ந்து குழி திறந்துகொள்ளுமாதலின், மேலே கல்லடுக்கி உடைமுள்ளையோ சீமைக் கருவேல முள்ளையோ பரப்பி வைத்தால் நரியும் தோண்டாது. ஊசியால் உயிர் முடிக்கப்பட்ட நாயானால் ஆழம் இன்னும் முக்கியம். அவ்வுடலை உண்ணும் பிராணிகளும் அம்மருந்தால் மடியக்கூடும். தென்னையடியில் புதைப்பது பழைய வழக்கம். இளங்கன்றின் தூரையொட்டி இட்டால் அழுகும் பொருள் வேரைக் கெடுக்கும். ஆறடி தள்ளியிடுவது மரத்துக்கும் நன்று.

அடக்கத்தின்போது வீட்டுச் சிறுவர் உடனிருக்கலாம். நாய் ஓடிப்போய்விட்டதென்று அவர்களிடம் சொல்லும் பெரியோர் இரக்கத்தாலேயே அவ்வாறு சொல்லுகின்றனர். ஆனால் ஓடிப்போனது திரும்பி வரக்கூடும் என்று குழந்தை நம்பும். சாயங்காலந்தோறும் தெருமுனையில் நின்று பார்க்கும். செத்துவிட்டதென்று சொல்லி, ஒரு பிடி மண்ணும் போடச் செய்தால், அழுகை சில நாட்களில் அடங்கும். வீட்டில் வேறு நாய் இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். இத்தாலியில் 2022-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், விசாரிக்கப்பட்ட 426 பேரில் மிகப் பெரும்பாலோர் துணைநாய் இறந்த பின் மற்றதன் நடத்தை மாறியதாகக் கூறினர். விளையாட்டும் உணவும் குறைந்து, அது ஆளையே ஒட்டி நிற்கும்.

புதுக்குட்டியை மறுநாளே கொண்டுவந்து துக்கத்தை அடைக்கப் பார்ப்பது பெரும்பாலும் பலிப்பதில்லை. குட்டியின் ஒவ்வொரு குறும்பும் பழையதன் பொறுமையை நினைவூட்டி எரிச்சலுண்டாக்கும். களமும் கிடையும் காவலின்றி இராவாதலின், கிழநாய் நடமாடும்போதே குட்டியை வாங்கிச் சேர்த்துவிடுவது உத்தமம். ஆட்டின் நடுவே அடங்கிக் கிடப்பதையும், அந்நியரை மட்டும் குரைப்பதையும் அது மூத்ததைப் பார்த்தே கற்கும். குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு வருஷந்தோறும் தொடர வேண்டும். இறந்த நாயின் பெயரையே புதியதற்கு இடுவது சில வீடுகளில் வழக்கம். சிறுவர் சம்மதித்தால் அவ்வாறு செய்யலாம். அவர்கள் முகம் கோணினால் வேறு பெயரை அவர்களே சொல்லட்டும்.