தகரப் பெட்டியில் கிடக்கும் துண்டறிக்கைகள்

நம் ஊர்ப் பக்கம் ஒரு போராட்டம் நடந்தால் இரண்டு வகைக் காகிதங்கள் மிஞ்சும். ஒன்று, காவல் நிலையத்தில் பதிவாகும் வழக்கு. மற்றொன்று, நாம் ஒட்டிய சுவரொட்டியும் கையில் கொடுத்த துண்டறிக்கையும். முதலாவது அரசுக் கோப்பில் பத்திரமாக இருக்கும். இரண்டாவது அடுத்த மழையில் போய்விடும். வழக்கில் 'சட்டவிரோதமாகக் கூடினர்' என்றிருக்கும். எதற்காகக் கூடினோம் என்பது துண்டறிக்கையில்தான் இருக்கும்.

மராட்டியத்தில் இந்த இரண்டாவது வகைக் காகிதங்களைத் தேடிச் சேர்க்க இறங்கியவர் மும்பை ஓவியர் ஷ்ருஜனா நிரஞ்சனி ஸ்ரீதர். அவர் ஈடுபட்டுள்ள 'தலித் பேந்தர் ஆவணக் காப்பகம்', தலித் சிறுத்தைகள் இயக்கக் காலத்துச் சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் முயற்சி.

அந்த இயக்கம் 1972-ல் மும்பையில் பிறந்தது. முன்னணியில் நின்ற நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜெ.வி.பவார் மூவருமே எழுத்தாளர்கள். பெயர், அமெரிக்கக் கறுப்பினச் சிறுத்தைகளைப் பார்த்து வைத்தது. ஆனால் அவர்களைக் கொதிக்க வைத்தவற்றுள் ஒன்று நம் மண்ணோடு தொடர்புடையது. காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த எல்.இளையபெருமாள் தலைமையிலான குழு 1969-ல் கொடுத்த அறிக்கைதான் அது. நாடெங்கும் நடக்கும் தீண்டாமைக் கொடுமைகளை அது வரிசைப்படுத்தியிருந்தது. ஒரு தமிழர் தயாரித்த ஆவணம் மும்பை இளைஞர்களைத் தெருவுக்கு இழுத்தது என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

பெரிய பத்திரிகைகள் இடம் தராதபோது சிற்றிதழ்தான் கைகொடுத்தது. மலிவுத் தாள், சில நூறு பிரதிகள். அந்தத் தாள் சில ஆண்டுகளிலேயே பழுத்து, மடித்த இடத்தில் ஒடியும். இங்கேதான் ஓவியரின் கண் உதவுகிறது. கட்டுரையை மட்டும் தட்டச்சு செய்தால் போதாது. அட்டைப் படம், கையால் வரைந்த எழுத்து, விலை, அச்சக முகவரி எல்லாமே சாட்சிதான். இயக்கம் பின்னர் பிளவுபட்டு, 1977-ல் தாலேவும் பவாரும் அதைக் கலைப்பதாக அறிவித்தார்கள். இப்படிப் பிரிந்த இயக்கத்தில் எல்லாத் தரப்பின் காகிதத்தையும் வைப்பதே நேர்மை என்பது நம் கருத்து.

மதுரையில் 1982-ல் மலைச்சாமி தொடங்கிய சிறுத்தைகள் அமைப்பு அந்த மும்பை வேரிலிருந்து வந்தது. அதன் தொடக்க காலத் துண்டறிக்கைகள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன? சேர்த்து வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ்களை அன்பு பொன்னோவியம் பல ஆண்டுகள் காத்து வைத்திருந்தார். அதனால்தான் 1999-ல் ஞான.அலாய்சியஸ் பண்டிதரின் எழுத்துகளைத் தொகுப்பாகக் கொண்டுவர முடிந்தது. இல்லையென்றால் பண்டிதர் இன்று வெறும் பெயராகவே இருந்திருப்பார்.

இதற்குப் பெரிய செலவில்லை. தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய சங்க நோட்டீஸ் இருந்தால், வெளிச்சத்தில் வைத்து இருபக்கமும் செல்போனில் படம் எடுங்கள். தேதி, ஊர், வெளியிட்டவர் யார் என்பதைத் தனித் தாளில் குறியுங்கள். காகிதத்தின் மீது பேனாவால் எழுதாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம். அதில் இருக்கும் பெயர்கள் யாருடையவை என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். படத்தை இன்னொரு வீட்டிலும் ஒரு பிரதியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.