கல்லூரி பக்கம், பல்கலைக்கழகம் தூரம்

தாராவி மாணவர்கள் சயான் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரிக்கும் மாதுங்காவின் ரூயா, போதார் கல்லூரிகளுக்கும் நடந்தே போய்விடலாம். இவற்றுக்கெல்லாம் தலைமையான மும்பைப் பல்கலைக்கழகமோ (1857இல் தொடங்கியது) ஃபோர்ட்டிலும் கலினாவிலும் இருக்கிறது. இங்கே பலருக்கு அது மார்க் ஷீட்டின் தலைப்பில் அச்சாகும் பெயர், அவ்வளவுதான்.

கல்லூரியைப் பற்றிப் பேசத்தான் இவர்களிடம் விஷயம் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் வசிக்கும்போது புத்தகத்தை விரிக்க ஏது இடம்? ஆகவே முதலில் தேடுவது கேன்டீனை அல்ல, நூலகத்தை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியிலிருந்து வருபவர்களுக்கு முதல் வருடம் முழுக்க ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டு. பாடம் புரியாததைவிட, எழுந்து சந்தேகம் கேட்க வாய் வராததே பெரிய சங்கடம்.

தூரத்துப் பல்கலைக்கழகம் இவர்கள் வீட்டுக்குள் நுழைந்தது 2017இல். விடைத்தாள்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் திரையில் திருத்தும் முறையை அது அவசரமாகப் புகுத்தியதில் சுமார் 17 லட்சம் விடைத்தாள்களின் திருத்தம் தாமதமானது. ஆளுநர் வித்யாசாகர் ராவ் விதித்த ஜூலை 31 கெடுவும் தாண்டியது. மேல்படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் மார்க் ஷீட் இல்லாமல் தவித்தார்கள். அக்டோபரில் துணைவேந்தர் சஞ்சய் தேஷ்முக் நீக்கப்பட்டார்.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இது சில மாத எரிச்சல். பட்டம் கைக்கு வந்ததும் வேலை, வேலை வந்ததும் கடன் அடைப்பு என்று கணக்குப் போட்டிருக்கும் குடும்பத்துக்கு அப்படியல்ல. எதிர்ப்படும் பக்கத்து வீட்டுக்காரர் "பாஸா, ஃபெயிலா?" என்று கேட்கும்போது, ரிசல்ட்டே வரவில்லை என்றால் நம்புவது யார்?