தையல் மெஷினும் தூண்டில் ரீலும்

"தூண்டில் போடறது ஆம்பளைங்க சமாசாரம், நமக்கென்ன?" என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! காவிரிப் படுகையின் வெட்டாறு கடலில் கலக்கும் நாகூர்ப் பக்கத்தில் பிள்ளை வளர்க்கிற தாய்மாருக்கு விஷயம் தெரியும். பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும். பையன்கள் நைலான் நரம்பும் முள்ளுமாகக் கழிமுகத்துக்கும் சில்லடிக் கடற்கரைக்கும் கிளம்பிவிடுவார்கள். இப்போது கம்பும் ரீலும் வேறு சேர்ந்துகொண்டன. வாங்கிக் கொடுத்த மறுநாளே, "உம்மா, கிட்டக்கவே விழுது, ரீல் சரியில்லே" என்று புகார் வரும்.

ரீலில் கோளாறு இருக்காது. தையல் மெஷின் ஓட்டத் தெரிந்த நீங்களே அதைச் சரிசெய்து கொடுத்துவிடலாம். இன்று பரவலாகப் புழங்கும் இந்த வகை ரீலுக்கு 1905-ல் காப்புரிமை வாங்கியவர், இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரத்து நூல் ஆலைக்காரர் ஆல்பிரட் இல்லிங்வொர்த். ஆலையில் நூல்கண்டு அசையாமல் நிற்க, நூல் மட்டும் அதன் நுனி வழியே கழன்று ஓடுவதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை தோன்றியது என்பார்கள்.

தூரம் விழ வேண்டுமா?

பாபினில் நூலைக் குறைவாகச் சுற்றினாலும் தொல்லை, வழிய வழியச் சுற்றினாலும் தொல்லை அல்லவா? ரீலும் அப்படித்தான். உருளையின் விளிம்புக்கு 2, 3 மில்லிமீட்டர் கீழே வரை நரம்பு நிறைந்திருக்க வேண்டும். குறைந்தால் விளிம்பில் உரசி ஈயக்குண்டு கிட்டத்திலேயே விழும். கூடினால் கொத்தாகக் கழன்று சிக்கு விழும். நரம்பு மெல்லியதாக இருந்தால் இன்னும் தூரம் போகும்.

உருளையின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு கிளிப் இருந்தால், சரியான தூரத்தில் விழுந்ததும் நரம்பை அதில் மாட்டிவிடலாம். அடுத்த வீச்சும் அதே தூரத்தில் நிற்கும். குண்டு விழுந்தவுடன் கிளிப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெரிய மீன் இழுக்கும்போது நரம்பு பட்டென்று அறுந்துவிடும்.

உங்கள் இஞ்ச் டேப்புக்கும் இங்கே வேலை உண்டு. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் எத்தனை நரம்பு உள்ளே வருகிறது என்று வீட்டிலேயே அளந்து வையுங்கள். 60 சென்டிமீட்டர் என்றால், 50 சுற்றுக்கு 30 மீட்டர். மீன் எங்கே கடித்தது என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

ஆழம் எப்படித் தெரியும்?

முரல் மேல்நீரில் திரியும். கிழங்கான் மணலை ஒட்டி மேயும். ஆகவே தூரத்தைப் போலவே ஆழமும் முக்கியம். குண்டு தண்ணீரைத் தொட்டதும் வளைகம்பியை மூடாமல் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணச் சொல்லுங்கள். நரம்பு தளர்ந்தால் அடியைத் தொட்டாயிற்று. அதற்கு 8 எண்ணிக்கை ஆனால், அடுத்த முறை 4-ல் மூடிச் சுற்றத் தொடங்கினால் முள் நடுநீரில் வரும்.

மிதப்பு கட்டுபவர்களுக்குத் தையல் நூலே போதும். வேண்டிய ஆழத்தை அளந்து, நரம்பின்மேல் நூலால் ஒரு சிறு முடிச்சு. முடிச்சு வளையங்களுக்குள் புகுந்து போய்விடும். மிதப்பின் துளைக்குள் மட்டும் நுழையக் கூடாது. முடிச்சை நகர்த்தினால் ஆழமும் மாறும்.

விரலைக் காக்கும் திருகு

இனிதான் முக்கியமான சங்கதி. மெஷினில் நூல் இறுக்கத்துக்கு ஒரு திருகு இருப்பதுபோல் ரீலிலும் உண்டு. அளவுக்கு மீறி இழுத்தால் நரம்பை அது தானாக வழிய விடும். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்குக்கு வைப்பது வழக்கம். 8 கிலோ நரம்பு என்றால், கொக்கித் தராசில் மாட்டி இழுக்கும்போது 2 கிலோவில் வழிய வேண்டும். கைத்தூண்டிலில் நரம்பை விரலில் சுற்றிக்கொள்ளும் பையன்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பெரிய மீன் வெடுக்கென்று இழுத்தால் நரம்பு சதையை அறுத்துவிடும். "கையிலே சுத்தாதே" என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

முள்ளின் எதிர்முனையைக் குறடால் நசுக்கி விட்டால், குத்தினாலும் எளிதாக வந்துவிடும். நசுக்காத முள் ஆழமாக ஏறினால் பிடுங்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போய் டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். கண்ணிலோ கண்ணருகிலோ பட்டால் தொடாமல் உடனே ஆஸ்பத்திரிதான். வீசும்போது பின்னால் தம்பி தங்கை நிற்கக் கூடாது. ஆறு கடலுக்குள் பாயும் வேளையில் கழிமுகத்தில் இழுப்பு பலமாக இருக்கும். பெரியவர் துணையில்லாமல் அனுப்பவே வேண்டாம்.

அறுந்த நரம்பை மணலில் போட்டுவிட்டு வரவிடாதீர்கள். இந்தக் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளின் காலையும் கழுத்தையும் அது சுற்றிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் லேசாக அலசி, துடைத்து, நிழலில் உலர்த்தினால் உப்பு அரிக்காது.

அடுத்த லீவுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ரீலையும் இஞ்ச் டேப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளையோடு உட்காருங்கள். கொக்கித் தராசை மறந்துவிடாதீர்கள்!