தும்மலுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

களத்தில் கதிரடிக்கும்போதும், வைக்கோல் போரைப் பிரிக்கும்போதும் சிலருக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வரும். மூக்கில் நீர் வடியும். கண் சிவந்து அரிக்கும். "சுணை ஏறிவிட்டது" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள்.

மேனாட்டார் இதற்கு 'வைக்கோல் சுரம்' என்று பெயர் வைத்தனர். ஆனால் இதில் சுரமும் இல்லை. வைக்கோல் மட்டுமே காரணமும் அன்று. புற்களின் மகரந்தத் தூள் இத்தொல்லையை உண்டாக்குகிறது என்பதை மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்லஸ் பிளாக்லி தம் மூக்கிலேயே சோதித்துப் பார்த்து, 1873-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். பார்த்தீனியத்தின் மகரந்தம், ஈர வைக்கோலில் படரும் பூஞ்சணம், வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் ஆகியவையும் இந்த ஒவ்வாமைக்குக் காரணமாகும். ஆகவே வயலில் இறங்காத மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வாசிகளுக்கும் இத்தொல்லை உண்டு.

சென்னை மாணவர்களைக் கேட்டார்கள்

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. தும்மலின் கடுமையை அளக்க அப்படி ஒரு கருவி இல்லை. படுகிறவர்தான் சொல்ல வேண்டும். 1990-களின் நடுவில் 56 நாடுகளில் குழந்தைகளின் ஆஸ்துமா, ஒவ்வாமை பற்றி ஓர் ஆய்வு நடந்தது. சென்னையும் நெய்வேலியும் அதில் இடம்பெற்றன. 13, 14 வயது மாணவர்களிடம் வினாத்தாள் கொடுக்கப்பட்டது. சளி பிடிக்காதபோதும் கடந்த 12 மாதங்களில் தும்மல், மூக்கு ஒழுகல், மூக்கடைப்பு இருந்ததா? எந்தெந்த மாதங்களில் வந்தது? அன்றாட வேலைகளுக்கு எவ்வளவு இடைஞ்சல்? இவைதாம் கேள்விகள். உலகெங்கும் 4 லட்சத்து 63 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் விடையளித்தனர்.

ஓராண்டுத் தொல்லையை மொத்தமாகக் கேட்பது ஊர்க் கணக்குக்குப் போதும். தனி ஒருவரின் சிகிச்சைக்கு அன்றாடக் கணக்கு தேவை.

கணக்கு எழுதும் முறை

தும்மல், மூக்கு ஒழுகல், மூக்கு அரிப்பு, மூக்கடைப்பு என நான்கு தொல்லைகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட வேண்டும். இல்லையெனில் 0, இலேசானால் 1, தொந்தரவு தந்தால் 2, வேலையையோ தூக்கத்தையோ கெடுத்தால் 3. ஒரு நாளின் உச்ச அளவு 12. இரவு படுக்குமுன் எழுதுவது நல்லது.

பக்கத்திலேயே அன்று சாப்பிட்ட மருந்தையும், செய்த வேலையையும் குறிக்க வேண்டும். மருந்தை எழுதாவிட்டால் கணக்கு ஏமாற்றிவிடும். மருந்தில்லாமல் 4 என்பதும், இரண்டு மாத்திரை போட்டும் 4 என்பதும் ஒன்றாகா. இரண்டாமவருக்கே நோய் கடுமை. வேலையைக் குறித்து வந்தால், கதிரடிப்பா, களையெடுப்பா, எது தொல்லை தருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

மருந்தில் கவனம்

குளோர்பெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் தூக்கம் தரும். அவற்றைப் போட்டுக்கொண்டு கதிரடிக்கும் இயந்திரத்தின் அருகே நிற்பதும், டிராக்டர் ஓட்டுவதும் கையையோ உயிரையோ பறித்துவிடலாம். மூக்கடைப்பை நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் விட்டு வந்தால் அடைப்பு அதிகமாகும். மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பானோ உடனே முழுப் பலன் தராது. நாள்தோறும் தவறாமல் பயன்படுத்த வேண்டும். இரண்டு நாளில் "பயனில்லை" என்று நிறுத்தாமல், மதிப்பெண் குறைகிறதா என்று இரண்டு வாரம் கவனியுங்கள்.

வாரத்தில் 4 நாட்களுக்கு மேலும், தொடர்ந்து 4 வாரங்களுக்கு மேலும் தொல்லை இருந்தால் அது நீடித்த வகை. தூக்கமோ வேலையோ கெட்டால் கடுமையானது. இவ்விரண்டில் எதுவானாலும் நோட்டை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். இளைப்போ, மூச்சு விடும்போது விசில் போன்ற ஒலியோ இருந்தால் கணக்கெழுதக் காத்திராமல் உடனே செல்ல வேண்டும்.

கதிரடிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ளுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்குமுன், கையுறை அணிந்து பிடுங்குங்கள். உரச் செலவுக்கு நோட்டுப் போடும் உழவர்கள் அதன் கடைசிப் பக்கத்தைத் தம் மூக்குக்கும் ஒதுக்கலாம். "ரொம்ப நாளாத் தும்மல்" என்று வாயால் சொல்வதைவிட அந்தப் பக்கம் மருத்துவருக்கு மிகுதியாகச் சொல்லும்.